ஐஸ் கரைஞ்சா நஞ்சு தண்ணியிலதானே சேர்?

பிரிவுபசாரத்துக்கு ஏதாவது புதுசாகச் செய்வோம் என்று நினைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் ஒரு ரியூசன் நிலையம், உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த 22 பிள்ளைகள். வழமையான பாட்டு, பேச்சு, கேக் எல்லாம் வேண்டாம், ஒரு கொலையைக் கண்டுபிடிப்போம் என்று வாய் தவறி அறிவித்துவிட்டேன். விளையாட்டு இதுதான்: நடத்துகிறவர் ஒரு விசித்திரமான சாவின் கடைசிக் காட்சியை மட்டும் மூன்று நாலு வரியில் சொல்வார். மிச்சக் கதை அவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்கள் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரக்கூடிய கேள்விகளையே கேட்டுக் கேட்டு முழுக்கதையையும் பிடிக்க வேண்டும். நம்முடைய பாட்டிமார் போடும் நொடிக்கு, அதாவது விடுகதைக்கு, சொந்தக்காரன்தான். ஆனால் நொடிக்கு ஒரு சொல்லில் விடை உண்டு, இதற்கு ஒரு கதைதான் விடை. கொழும்பிலிருந்து ஆங்கில அட்டைக்கட்டு ஒன்று எடுப்பித்தேன், தபால் செலவோடு 6,400 ரூபாய். மண்டபத்துக்கு 5,000. தேத்தண்ணி, ரோல்ஸ் என்று 3,300. மொத்தம் 14,700 ரூபாயும், அட்டைகளைத் தமிழாக்கிய மூன்று இரவும். அன்றைக்கு நடந்ததைப் பார்த்தால், அந்தக் காசுக்கு எல்லாருக்கும் புரியாணி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

முதல் கதை இது. வெயில் நேரம், சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை. ரெண்டு பேர் வந்து ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணி கேட்கிறார்கள். ரெண்டு பேருக்கும் ஒரே சாடியிலிருந்துதான் ஊற்றுகிறார்கள். ஒருவருக்குக் கடும் தாகம், மளமளவென்று நாலு கிளாஸ் குடித்துவிட்டு எழும்பிப் போகிறார். மற்றவர் ஒரேயொரு கிளாஸை வைத்துக்கொண்டு கதைத்துக் கதைத்து மெல்லக் குடிக்கிறார். நாலு கிளாஸ் குடித்தவருக்கு ஒன்றுமில்லை. ஒரு கிளாஸ் குடித்தவர் செத்துப்போகிறார். விடையைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைக்கிற கதை இல்லை இது: நஞ்சு இருந்தது ஐஸ் கட்டியில். வேகமாகக் குடித்தவர் ஐஸ் கரையுமுன் குடித்து முடித்துவிட்டார்.

ஆறாவது கேள்வி ஒரு பெடியனுடையது. “தேசிக்காய்த் தண்ணியில நஞ்சு இருந்ததா சேர்?” என் கையில் இருந்த தாளில் ‘நஞ்சு ஐஸில்’ என்று எழுதியிருந்தது. தண்ணியில் இல்லை, ஐஸில்தானே என்று நினைத்து “இல்லை” என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் மாலை முடிந்தது. பிள்ளைகள் புத்திசாலிகள். தண்ணியில் நஞ்சு இல்லை என்றால் குடித்ததில் பிரச்சினை இல்லை என்று முடிவெடுத்து, கிளாஸையே விட்டு வெளியே போய்விட்டார்கள். பாம்பு கடித்ததா, மாரடைப்பா, கதிரையில் கரண்ட் இருந்ததா, ஸ்ட்ரோவில் ஏதும் பூசியிருந்ததா, தேசிக்காய் அவருக்கு ஒத்துக்கொள்ளாதா, கடைக்காரனின் மனுசியோடு தொடர்பா. போனில் ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்ததால் பிறகு எண்ணிப் பார்த்தேன். 64 கேள்விகள். அதில் 41 ‘இல்லை’, 14 ‘தேவையில்லை’, 9 ‘ஓம்’. நாலு மணி பத்துக்குத் தொடங்கியது ஐந்து ஐம்பத்தைந்துக்குத்தான் முடிந்தது, அதுவும் நானே விடையைச் சொல்லி. சொன்னவுடன் பின் வரிசையிலிருந்து அதே பெடியன் எழும்பினான். “ஐஸ் கரைஞ்சா நஞ்சு தண்ணியிலதானே சேர் வரும்? நான் அப்பவே கேட்டேனே.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் அத்தோடு விடவுமில்லை. பௌதிகம் படித்த பிள்ளை, பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டான். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வேண்டும். 25 கிராம் கட்டி மூன்று என்றால் 75 கிராம், 6,000 கலோரி. கிளாஸில் 200 மில்லிலீற்றர் தண்ணி, நம்முடைய ஊர் வெயிலில் 30 பாகை. அது 0 பாகைக்கு வர விடுகிற வெப்பமும் 200 தர 30, அதே 6,000. “அப்ப கட்டி முழுக்கக் கரையிறதுக்குத் தேவையான சூடு கிளாசுக்குள்ளயே இருக்கு. நாலு கிளாஸ் குடிச்சவர் எவ்வளவு கெதியாக் குடிச்சாலும் ஒவ்வொரு கிளாசிலயும் கொஞ்சம் உள்ள போயிருக்கும். நாலு தரம் கொஞ்சம். அவரும் செத்திருக்கணும்.” சபையே கைதட்டியது, எனக்கல்ல. ஒரு பிள்ளை ரோல்ஸ் பெட்டியை மூடி வைத்துவிட்டு “போவமா சேர்?” என்றாள்.

அந்த இரவு ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் விளங்கிய முதல் விசயம், தோற்றது பிள்ளைகள் அல்ல, பதில். இந்த விளையாட்டில் கேட்கிறவர் எத்தனை பிழை விட்டாலும் திரும்பி வரலாம். நடத்துகிறவர் ஒரு பிழை விட்டால் அதற்குப் பிறகு கேட்கப்படும் நல்ல கேள்விகளும் நாசம். ஆகவே கதையைக் கையில் எடுத்தவுடன், சபைக்குச் சொல்லுமுன், ஒரு முழுத் தாளில் நாலு விசயம் எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று, சபைக்குச் சொல்லும் மூன்று நாலு வரி, ஒரு சொல்லும் மாறாமல். ரெண்டு, நடந்தது முழுவதும் நேர வரிசையில், 10 மணிக்கு இது, 10:05க்கு இது என்ற மாதிரி. என் பிழை இங்கேதான். ‘நஞ்சு ஐஸில்’ என்று இருந்ததே தவிர, எந்த நேரத்தில் எங்கே என்று இல்லை. ஊற்றும்போது தண்ணியில் நஞ்சு இல்லை, பத்து நிமிடத்தில் உண்டு. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ‘இல்லை’யும் அல்ல, ‘ஓ’மும் அல்ல, “எப்ப?” என்று திருப்பிக் கேட்பதுதான். மூன்றாவது, சபை எதைச் சொன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எடுப்பது. இந்தக் கதைக்கு ‘நஞ்சு ஐஸில்’, ‘மெல்லக் குடித்ததால் கரைந்தது’ என்ற ரெண்டும் போதும், யார் வைத்தது, ஏன் என்பது வேண்டியதில்லை. இதை முதலே தீர்மானிக்காவிட்டால் விடை வந்த பிறகும் அரை மணித்தியாலம் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நாலாவது, வரக்கூடிய பத்துப் பன்னிரண்டு கேள்விகளும் அவற்றுக்கான பதிலும். எழுதியதை வீட்டில் ஒருவரிடம், கணக்குத் தெரிந்த ஒருவர் என்றால் இன்னும் நல்லது, போட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் அவர் கண்டுபிடிப்பார். என் கதையின் ஓட்டையை அடைக்க ஒரு வரிதான் தேவைப்பட்டது: நஞ்சு கட்டியின் நடுவில் உறைந்திருந்தது, வெளிப்பக்கம் வெறும் தண்ணி.

பதில் சொற்கள் எத்தனை? அட்டைக்கட்டில் மூன்று என்றிருந்தது: ஓம், இல்லை, தேவையில்லை. நாலு வேண்டும். நாலாவது ‘கேள்வி பிழை’. “கொலைகாரன் வாசலால போனானா?” என்று கேட்கும்போது கதையில் கொலைகாரனே இல்லை என்றால் ‘இல்லை’ என்று சொல்வது பொய்யாகாது, ஆனால் ஏமாற்று. யன்னலால் போயிருப்பான் என்று சபை அங்கே ஓடும். நடக்காத ஒன்றை நடந்ததாக எடுத்துக்கொண்ட கேள்விக்கு ‘கேள்வி பிழை’ என்று சொன்னால் அவர்களே நின்று யோசிப்பார்கள், எதை நாங்கள் சும்மா நம்பிவிட்டோம் என்று. நன்னூல் படித்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. எட்டு வகை விடையில் இந்த விளையாட்டு நேர், மறை என்ற ரெண்டைத்தான் அனுமதிக்கிறது. நடத்துகிறவருக்குக் களைத்தவுடன் தன்னையறியாமல் மற்ற ஆறும் வாயில் வரும். “ஆடுவாயா?” என்றால் “பாடுவேன்” என்கிற இனமொழி விடை இருக்கிறதே, அதுதான் ஆபத்து. “நஞ்சு சாடியிலயா?” என்றதற்கு நான் அன்றைக்கு “சாடி எல்லாருக்கும் பொது” என்று சொல்லியிருக்கிறேன். ஒலிப்பதிவில் கேட்டபோது என் காதை நானே பொத்திக்கொண்டேன்.

இனி வருவது ஆங்கில அட்டை எதிலும் இல்லாதது, ஏனென்றால் இது எங்களுடைய மொழியில் வருகிற பிரச்சினை. எங்களுடைய கேள்வியில் ‘ஆ’ எந்தச் சொல்லில் ஒட்டுகிறதோ அந்தச் சொல்லில்தான் கேள்வி நிற்கிறது. “கடைக்காரனா நஞ்சு வச்சது?” இதற்கு ‘இல்லை’ என்றால் நஞ்சு வைத்தது உண்மை, ஆள் வேறு. “கடைக்காரன் நஞ்சா வச்சது?” இதற்கு ‘இல்லை’ என்றால் அவன் ஏதோ வைத்திருக்கிறான், நஞ்சு அல்ல. “கடைக்காரன் நஞ்சு வச்சானா?” இதற்கு ‘இல்லை’ என்றால் ஒன்றுமே உறுதியில்லை. மூன்று கேள்வி, ஒரே ‘இல்லை’, மூன்று அர்த்தம். கேட்டவருக்கு எந்தச் சொல்லில் ஒட்டினோம் என்பது ஞாபகம் இருக்கும், மற்றவர்களுக்கு இருக்காது. அவர்கள் மனதில் ‘கடைக்காரன், நஞ்சு, இல்லை’ என்று மட்டும் பதியும். இதற்கு மருந்து சின்னது. நடத்துகிறவர் ‘ஆ’ ஒட்டிய சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். “கடைக்காரனா? இல்லை.” ஒரு வினாடிதான். பலகையில் எழுதுகிற பிள்ளையும் அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட வேண்டும்.

மறைக்கேள்வி அடுத்த பொறி. “அவர் தனியா வரல்லியா?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். “ஓம்” என்றேன். சபையில் பாதிப்பேர் ‘ஓம், தனியா வந்தார்’ என்று எடுத்தார்கள், பாதிப்பேர் ‘ஓம், தனியா வரல்ல’ என்று எடுத்தார்கள். ஒலிப்பதிவில் 20 நிமிடம் கழித்து அந்த ரெண்டு பாதிகளும் சண்டை பிடிப்பது கேட்கிறது. ‘இல்லை’ என்று சொல்லியிருந்தாலும் இதே கதிதான். இப்போது மறைக்கேள்வி வந்தால் பதிலே கிடையாது, “நேராக்கிக் கேளுங்க” என்று திருப்பி அனுப்புவேன். “கத்தியாலயா கயித்தாலயா?” போன்ற இரட்டைக் கேள்வியும் அப்படித்தான், உடைத்துக் கேட்க வேண்டும். “நஞ்சு குடிச்சுப் பிறகு விழுந்து செத்தாரா?” என்பதும் உள்ளே ரெண்டு கேள்வி. இன்னொன்று, ‘ம்ம்’ கொட்டுவது. யோசித்துக்கொண்டு “ம்ம்…” என்றால் சபைக்கு அது ‘ஓம்’. யோசிக்க வேண்டுமென்றால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு யோசிக்கலாம், வாயைத் திறக்கக்கூடாது.

ரெண்டாவது கதை அன்றைக்கு ஆறு நிமிடத்தில் முடிந்தது, அதுவும் அவமானம்தான். உலகம் முழுக்கத் தெரிந்த பழைய கதை. வீட்டுக்குள் நிலத்தில் ஒரு சோடி செத்துக் கிடக்கிறது, பக்கத்தில் உடைந்த கண்ணாடியும் தண்ணியும். ஆங்கிலத்தில் ரோமியோ, ஜூலியட் என்று பெயர் வைப்பார்கள். உண்மையில் அவை தங்கமீன்கள், பூனை தொட்டியைத் தட்டிவிட்டது. ஆங்கில வினையில் உயர்திணை, அஃறிணை தெரியாது, அதனால் மறைகிறது. தமிழில் ‘இறந்து கிடந்தார்கள்’ என்றால் அது பொய், ‘இறந்து கிடந்தன’ என்றால் அந்த ‘ன’விலேயே ஆட்டம் முடிந்தது. நான் பொய் சொல்லக்கூடாதென்று ‘கிடந்தன’ என்றேன். “மீனா சேர்?” ஆங்கிலத்திலிருந்து எடுக்கும் எந்தக் கதையையும் முதலில் வினைமுற்றில் தட்டிப் பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மனுசரா இல்லையா என்பதையெல்லாம் தமிழ் வினை கடைசி எழுத்தில் கக்கிவிடும். தப்ப வழி ரெண்டு. வினையே இல்லாமல் சொல்வது: ‘நிலத்தில் ராஜாவும் ராணியும். உயிர் இல்லை. சுற்றிவரத் தண்ணி, உடைந்த கண்ணாடி.’ அல்லது நம்முடைய பேச்சிலேயே இருக்கிற வழி. சின்னப்பிள்ளைகளையும் பாவப்பட்ட ஆட்களையும் ‘அதுகள்’ என்று சொல்கிற வழக்கம் நமக்கு உண்டு. “பாவம், ராஜாவும் ராணியும் செத்துக் கிடக்குதுகள்” என்று இரக்கத்தோடு சொன்னால் மனுசருக்கும் பொருந்தும், மீனுக்கும் பொருந்தும், பொய்யும் இல்லை. இந்த வழியைக் கண்டுபிடித்த அன்றைக்கு அட்டைக்கட்டின் காசில் பாதி திரும்பி வந்த மாதிரி இருந்தது.

இடையில் ஒரு விசயம், இதை விளையாட்டாகச் சொல்ல முடியாது. உலகத்தில் அதிகம் போடப்படும் கதைகளில் ஒன்று, உணவகத்தில் சூப் குடித்துவிட்டு வெளியே போய் உயிரை மாய்த்துக்கொள்ளும் மனிதனுடையது. ஜப்பானிலும் சீனாவிலும் இந்த விளையாட்டுக்கே ‘ஆமை சூப்’ என்ற பெயர் அதனால்தான் வந்தது. விடைக்குள் ஒரு கப்பல் விபத்து, கடலில் போன உயிர்கள். அட்டையில் அதுதான் முதலாவது, நானும் அதைத்தான் முதலில் தமிழாக்கினேன். தொடங்கப்போகும் நேரத்தில் முன் வரிசையில் நாவலடிப் பிள்ளை ஒருத்தி இருந்ததைக் கண்டு அட்டையை அடியில் சொருகினேன். நாவலடி கடலோர ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைதான். ஆனால் அந்த வீடுகளில் கடல் கதை வெறும் கதையில்லை. கடலில் போனது, காணாமல் போனது, குண்டு, தூக்கு, இந்த நாலும் நம்முடைய மாவட்டத்தில் எந்தச் சபையிலும் போடக்கூடாது என்பது என் முடிவு. 50 அட்டையில் 18 இப்படிப் போய்விட்டது. கொலையாக இருக்கட்டும், ஆனால் யாருடைய வீட்டு வாசலிலும் போய் நிற்காத கொலையாக இருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு மண்டபம் எடுக்கவில்லை. வாசிகசாலை விறாந்தை, ஞாயிறு பின்னேரம், வேறு பிள்ளைகள், செலவு பூச்சியம். 22 பேரை ஒரே வட்டத்தில் வைத்ததுதான் பெரிய மடத்தனம் என்று அங்கேதான் தெரிந்தது. 22 பேரில் கேள்வி கேட்டது ஏழு பேர், மற்றவர்கள் போன் பார்த்தார்கள். ஐந்து, ஆறு பேர்தான் அளவு. கூட இருந்தால் இன்னொரு வட்டம், இன்னொரு நடத்துநர். வட்டமாக முறை வைத்துக் கேட்பது நல்லது, தன் முறையில் கேள்வி இல்லாதவர் அடுத்தவருக்கு விடலாம். ஒருவர் பலகையில் எழுத வேண்டும், ஆனால் எல்லாக் கேள்வியையும் அல்ல. ‘ஓம்’ வந்தது ஒரு பக்கம், ‘இல்லை’ வந்ததில் முக்கியமானவை மறுபக்கம். பத்துக் கேள்விக்கு ஒருமுறை யாராவது ஒருவர் எழும்பி இதுவரை தெரிந்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும். அங்கேதான் நம்பிக்கை எது, தெரிந்தது எது என்று பிரியும். ஒரு கதைக்கு 25 நிமிடம். தொடர்ந்து எட்டு ‘இல்லை’ வந்தால் குறிப்புக் கொடுக்கலாம், புதிதாக எதையும் சொல்லாமல் “நாலாவது கேள்விக்குத் திரும்பிப் போங்க” என்கிற மாதிரி. புதிய தகவலைக் கொடுத்தால் அதற்குப் பிறகு குறிப்புக்காகவே காத்திருப்பார்கள்.

கேட்கிற பக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் ரெண்டு பக்கமும் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்கிற சாத்தியங்களைச் சரி பாதியாக வெட்டினால் 20 கேள்வியில் 10,48,576 சாத்தியங்களுக்குள் ஒன்றைப் பிடித்துவிடலாம். ரெண்டின் 20ஆம் அடுக்கு அது. அப்படியிருக்க 64 கேள்வியில் ஏன் முடியவில்லை? பதில் பிழை ஒரு காரணம், ஊகம் மற்றக் காரணம். “பாம்பா?”, “கரண்டா?”, “மாரடைப்பா?” எல்லாம் சில்லறைக் கேள்விகள். பத்துக்கு ஒன்பது தரம் ‘இல்லை’ வரக்கூடிய கேள்வி தரும் தகவல், பாதிக்குப் பாதிக் கேள்வி தருவதில் பாதிகூட இல்லை. “வெளியில இருந்து ஏதும் உடம்புக்குள்ள போனதா?” என்ற ஒரு கேள்வி அந்த மூன்றையும் ஒரே தட்டில் பிரித்துவிடும். பிறகு வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. “செத்தது மனுசனா?” என்று யாரும் கேட்பதில்லை, சிரிப்பார்கள் என்று. மீன் கதை விழுவது அதில்தான். “இன்னொருவருடைய கை இதில இருக்கா?”, “இடம் முக்கியமா?”, “நேரம் முக்கியமா?”, “அவருடைய தொழில் முக்கியமா?” இந்த ‘முக்கியமா’ கேள்விகள் தங்கம். ‘தேவையில்லை’ வந்தால் ஒரு முழு அறையைப் பூட்டிவிட்டு வரலாம்.

அடுத்து, சொன்ன வரியை ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக் கேட்பது. இப்படிப்பட்ட கதையில் சும்மா வருகிற சொல் குறைவு, வந்தால் அது வழி மாற்றத்தான். அதே தேசிக்காய்த் தண்ணிக் கதையைப் பிறகு ஆறு பேருக்குப் போட்டேன், இந்தமுறை தாளைச் சரியாக எழுதிக்கொண்டு. ஒரு பிள்ளை மளமளவென்று இப்படிப் போனாள். “நாலு கிளாஸ் எண்ட எண்ணிக்கை முக்கியமா?” தேவையில்லை. “மெல்லக் குடிச்சது முக்கியமா?” ஓம். “அவரும் கெதியாக் குடிச்சிருந்தா தப்பியிருப்பாரா?” ஓம். “நேரம் போகப் போகக் கிளாசுக்குள்ள ஏதும் மாறினதா?” ஓம். “வெளியில இருந்து ஏதும் விழுந்ததா?” இல்லை. “தொடக்கத்திலயே உள்ள இருந்த ஒண்டா மாறினது?” ஓம். அதோடு வட்டம் முழுக்க ‘ஐஸ்’ என்று கத்தியது. ஆறு கேள்வி. முன்னைய 64இல் ஒருவர்கூடக் கேட்காதது அந்த மூன்றாவது கேள்வியைத்தான். இப்படி நடக்காமல் அப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி. ரெண்டு பேர் இருந்து ஒருவர் மட்டும் சாகிற எந்தக் கதையிலும், ரெண்டு பேருக்கும் இடையில் உள்ள வித்தியாசங்களை எழுதிக்கொண்டு ஒவ்வொன்றையும் இப்படி மாற்றிப் போட்டுக் கேட்டால் காரணம் தானாக வெளியே வரும்.

அட்டைக்கட்டில் மிஞ்சியவற்றில் ஒரு டசின் சொல் விளையாட்டு, தமிழில் செத்த பிணம். சைக்கிள் என்ற பெயரில் ஒரு சீட்டுக்கட்டு விற்கப்படுவதை வைத்து, செத்தவரைச் சுற்றி 53 சைக்கிள் கிடந்தது என்று ஒரு கதை. நம்முடைய ஊரில் 53 சைக்கிள் என்றால் சைக்கிள் கடைதான். அதைத் தூக்கி எறிய மனம் வராமல் ஒரு கிழமை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நமக்கும் அப்படியொரு சொல் இருப்பது பட்டது. கடதாசி. பேப்பரும் கடதாசி, கடிதமும் கடதாசி, விளையாடுகிற காட்ஸும் கடதாசி. நம்முடைய 304 ஆட்டத்துக்கு 32 கடதாசிதான், ஒரு நிறத்துக்கு 76 புள்ளி, நாலு நிறத்துக்கு 304. ஆகவே கதை இப்படி ஆனது: ஒரு மேசை, நாலு கதிரை. ஒரு கதிரையில் இருந்தவர் செத்துக் கிடக்கிறார். மேசையிலும் நிலத்திலுமாக 33 கடதாசி. ஏன் கொன்றார்கள்? 52க்கு 53 என்று போட்டிருந்தால் லேசாகப் பிடித்துவிடுவார்கள். 33 என்ற எண் 304 ஆடாதவருக்கு ஒன்றுமே சொல்லாது. அதுதான் இந்தக் கதையின் பலம், அதுவே பலவீனமும். போடுமுன் சபையில் ஒருவருக்காவது ஆட்டம் தெரியுமா என்று வேறு கதையோடு கதையாக விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்கும் தெரியாத ஒன்றில் விடையை ஒளித்தால் எத்தனை ‘ஓம்’ சொல்லியும் பயனில்லை.

நான் விசாரிக்க மறந்த பின்னேரம் அது. ஆறு பிள்ளைகளும் கடதாசியைக் கடிதமாகவே எடுத்துக்கொண்டார்கள். காதல் கடிதமா, காணி உறுதியா, கடன் பத்திரமா, சோதனைப் பேப்பர் களவு போனதா. ‘எழுதின கடதாசியா?’ என்று ஒருத்தி கேட்டாள், ‘இல்லை’. நல்ல கேள்வி, அதற்குப் பிறகும் வெறுந்தாள் என்றுதான் போனார்கள். 18 கேள்வி, 22 நிமிடம். மூலையில் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், வட்டத்தில் இல்லாதவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பேப்பரைக் கொஞ்சம் பதித்தார்.

“தம்பி, ஒண்டு கூட இருக்கோ?”

“ஓம்” என்றேன்.

“அப்ப அடிச்சது சரி” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திரும்பத் தூக்கிப் பிடித்தார்.